பட்டறை கேள்வி–பதில்: ஒரே மாதிரி 60 பலகைகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிற வழியில் பிட் என்ற சுழலும் வெட்டலகை நகர்த்தி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) பற்றித்தான். ஒரு பெயர்ப்பலகையை அழகாகச் செய்துவிடுகிறார்கள், அதையே 20, 50, 60 என்று கேட்டு ஆர்டர் வரும்போதுதான் தடுமாற்றம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் 3018 ரக இயந்திரம் இருக்கிறது. புதுமனை புகுவிழாவில் தாம்பூலத்தோடு கொடுக்க 'நல்வரவு' என்று செதுக்கிய சின்னப் பலகைகள் 60 கேட்டிருக்கிறார்கள். 140-க்கு 50 மி.மீ. அளவு, 12 மி.மீ. கனம். இப்போது ஒன்றுக்கு 35 நிமிடம் ஆகிறது. வேகத்தைக் கூட்டினால் பிட் உடைகிறது. என்ன வழி ஐயா? (சேலம் வாசகர்)

பதில்: வேகத்தைத் தொடாதீர்கள். அந்த 35 நிமிடம் எங்கே போகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நீங்கள் சொன்ன அளவை வைத்து நான் கணக்குப் போட்டேன். பலகையின் சுற்றளவு 380 மி.மீ. 3.175 மி.மீ. பிட்டில், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஆழம் என்று இறக்கினால் 12 மி.மீ. கனத்தை அறுத்து முடிக்க 12 சுற்று. அதாவது பிட் நாலரை மீட்டருக்கு மேல் நடக்கிறது. நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம் என்றால் ஏழரை நிமிடம். எழுத்து செதுக்க நாலைந்து நிமிடம்தான் ஆகும். எழுத்தை விட ஓரத்தை அறுக்கத்தான் இயந்திரம் அதிகம் உழைக்கிறது, பிட் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். மீதி 20 நிமிடத்துக்கு மேல் இயந்திரம் சும்மா நிற்கிற நேரம்: நீங்கள் பலகையைப் பூட்டுகிறீர்கள், பூஜ்யம் வைக்கிறீர்கள் (பிட் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று காட்டுகிறீர்கள்), கழற்றுகிறீர்கள், தூசி தட்டுகிறீர்கள்.

ஆகவே ஓரம் அறுக்கிற வேலையை இயந்திரத்திடமிருந்து பிடுங்கிவிடுங்கள். மரத்தை இழைப்பு மெஷின் இருக்கிற தச்சுப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரே கனத்துக்கு இழைத்து, 50 மி.மீ. பட்டையாகக் கிழித்து, 140 மி.மீ. நீளத்துக்குத் துண்டு போட்டு வாங்கிவிடுங்கள். வட்ட ரம்பத்தில் அரை மணி நேர வேலை. 60 கேட்டால் 66 துண்டு போடச் சொல்லுங்கள், ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்புறம் ஜிக், அதாவது பலகைகளை எப்போதும் ஒரே இடத்தில் பிடித்துவைக்கிற சட்டம். 12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) துண்டில் 5 மி.மீ. ஆழத்துக்கு நாலு குழிகள். உங்கள் 3018-இன் 300-க்கு 180 மி.மீ. மேடையில் ஆறு வைக்கலாமே என்று ஆசை வரும், ஆனால் ஆப்பு அடிக்க இடம் இருக்காது, நாலு போதும். இந்தக் குழிகளை வேறு எங்கேயும் வெட்டாமல் உங்கள் இயந்திரத்திலேயே வெட்டுங்கள். இயந்திரத்தின் அச்சுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ அதே பக்கம் குழியும் அமைந்துவிடும், மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கிற வேலையே இல்லை. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். ரூட்டர் பிட் உருண்டையானது, உள்மூலையைச் சதுரமாக வெட்டாது, சின்ன வளைவை விட்டுவிடும். பலகையின் கூர்மூலை அந்த வளைவில் முட்டி, பலகை முழுசாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அதனால் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு துளை போட்டுவிடுங்கள். குழியைப் பலகையை விட நீள அகலத்தில் 8 மி.மீ. பெரிதாக வெட்டி, எப்போதும் இடது கீழ்மூலைக்குத் தள்ளி, எதிர்ப்பக்கத்தில் சின்ன மர ஆப்பைக் கையால் அழுத்தினால் போதும், எழுத்து செதுக்குகிற விசைக்கு அது அசையாது. ரம்பத்தில் அறுத்த துண்டுகளில் அரை மி.மீ. முன்னே பின்னே இருந்தாலும் ஒரே மூலையில் தள்ளுவதால் எழுத்து இடம் மாறாது.

முடிந்தால் இதே போல இரண்டு ஜிக் செய்யுங்கள். மேடையில் ஒரு அடிப்பலகையை நிரந்தரமாகத் திருகி, அதில் இரண்டு முளைக்குச்சி நட்டு, இரண்டு ஜிக்கும் அதே குச்சிகளில் வந்து உட்காரும்படி வைத்துக்கொண்டு அதன் மேலேயே குழிகளை வெட்டினால், ஒன்று ஓடும்போது இன்னொன்றில் அடுத்த நாலு பலகையை ஏற்றிவிடலாம். எனக்குப் பெரிய மாற்றம் கொடுத்தது இதுதான். நாலு பலகை செதுக்க 20 நிமிடம், மாற்ற இரண்டு நிமிடம், 15 சுற்று. அஞ்சரை மணி நேரத்தில் 60 முடிந்துவிடும். இப்போது நீங்கள் போகிற வழியில் 35 மணி நேரம் ஆகும்.

இன்னும் ஒன்று. மென்பொருளில் பிட் தூக்கிக்கொண்டு போகிற உயரம் பலவற்றில் 5, 10 மி.மீ. என்று வைத்திருக்கும். தமிழ் எழுத்தில் சுழி, கொம்பு, புள்ளி என்று பிட் அடிக்கடி ஏறி இறங்கும், சின்ன இயந்திரங்களில் மேலும் கீழும் போகிற அச்சுதான் இருப்பதிலேயே மெதுவானது. ஆப்பு எல்லாம் பலகை மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த உயரத்தை 2 மி.மீ.-க்கு இறக்கிவிடலாம். ஒவ்வொரு பலகையிலும் மிச்சமாவது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: கணினியில் 'கொ' என்று அடித்தால் செதுக்குகிற மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி வருகிறது. புள்ளியும் உடைந்துபோகிறது. தமிழுக்கென்று தனி மென்பொருள் உண்டா? (மதுரை வாசகி)

பதில்: தனி மென்பொருள் தேவையில்லை. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்து உட்காரவேண்டும், அந்த அடுக்கலைச் செய்கிற ஏற்பாடு பல சிஎன்சி மென்பொருள்களில் கிடையாது. அதனால் எழுத்தை அங்கே அடிக்கவே அடிக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிற இங்க்ஸ்கேப்பில் யூனிகோடில் அடியுங்கள், அங்கே சரியாக வரும். பிறகு எழுத்தைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள் (ஷிஃப்ட், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்), ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கோடுகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள், எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். இப்போது அது எழுத்தல்ல, வெறும் படம், எந்த மென்பொருளும் அதைச் சிதைக்க முடியாது. கோடுகளை இணைக்காமல் விட்டால் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பிட் உள்ளே போய் விசித்திரமாகக் கீறிவிடும், அதைத் தவறவிடாதீர்கள்.

எழுத்துருவுக்கு கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை போன்றவை இலவசம், விற்பனைக்குச் செய்யும் பலகையிலும் பயன்படுத்தலாம். நடுத்தரத் தடிமனைத் தேர்ந்தெடுங்கள். ரொம்ப மெல்லியது மரத்தின் ரேகையில் கரைந்துவிடும், ரொம்பத் தடித்தது 'ண', 'ழ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும்.

புள்ளி உடைவதற்குக் காரணம், சில எழுத்துருக்களில் புள்ளி வளையமாக இருப்பது. வளையத்தைச் செதுக்கினால் நடுவில் மிளகளவு மரம் தனியாக நிற்கும், ரேகைக்குக் குறுக்கே பிட் இழுக்கும்போது அது தெறித்துப் போய்விடும். வளையத்தின் உள்வட்டத்தை அழித்து முழுப் புள்ளியாக்கிவிடுங்கள். வி-பிட் (முனை 'V' போலக் கூராக இருக்கும் பிட்) அந்த இடத்தில் கூம்பாக ஒரு குழி போடும், அதில் நிழல் விழும்போது அவ்வளவு அழகு.

வி-பிட் எந்தக் கோணம் என்றும் கேட்டிருந்தீர்கள். 3 மி.மீ. அகலக் கோட்டுக்கு 60 டிகிரி பிட் 2.6 மி.மீ. ஆழம் இறங்கும், 90 டிகிரி பிட் 1.5 மி.மீ. மட்டும். ஆழம் கூடினால் நிழல் கூடும், எழுத்து தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் சுழிக்குள் நிற்கிற சின்ன மரத்துண்டுக்கு 90 டிகிரியில்தான் அடி அகலமாக, பலமாக இருக்கும். கோணம் குறையக் குறையச் சுவர் செங்குத்தாகும், துண்டு ஒடியும். சின்ன எழுத்துக்கு 90, பெரிய எழுத்துக்கு 60 என்பது என் வழக்கம்.

அதோடு கனத்தையும் கவனியுங்கள். பலகை 0.3 மி.மீ. உயர்ந்து நின்றால் 60 டிகிரி பிட்டில் கோடு 0.35 மி.மீ. தடிக்கும், 90 டிகிரியில் 0.6 மி.மீ. தடிக்கும். 3 மி.மீ. கோட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரே எழுத்து ஒரு பலகையில் ஒல்லியாகவும் பக்கத்துப் பலகையில் குண்டாகவும் இருந்தால் பிட்டைக் குறை சொல்லாதீர்கள், கனத்தை அளந்து பாருங்கள். ஒரே கனத்துக்கு இழைத்து வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

எழுத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். 'முருகன் துணை' என்பதை 'துனை' என்று செதுக்கிய பலகைகளை எத்தனையோ வீட்டு வாசலில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. வர்ணத்தில் எழுதியதை அழித்து எழுதலாம், மரத்தில் செதுக்கியது அந்த வீடு இருக்கிற வரை இருக்கும். ஆர்டர் கொடுத்தவரிடம் தாளில் அச்செடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது. பலகை செய்ய ஆகுமா? வேறு எந்த மரம் நல்லது? (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)

பதில்: ஆகும். வெளிர் நிறம், ரேகை சீராக இருக்கும், எழுத்தின் ஓரம் சுத்தமாக வரும். ஆனால் மருந்து ஏற்றி உலர்த்திய பலகையாக மட்டும் வாங்குங்கள். பச்சையாக அறுத்த ரப்பர் மரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், வண்டும் துளைக்கும். பரிசாகக் கொடுத்த பலகையிலிருந்து ஆறு மாதம் கழித்து மாவு மாவாகத் தூள் கொட்டினால் கொடுத்தவருக்குத்தான் அவமானம்.

தேக்கு அழகுதான், ஆனால் அதில் மணல்சத்து உண்டு, பிட் சீக்கிரம் மழுங்கும். எனக்குப் பிடித்தது பலா. தஞ்சாவூர் வீணை செய்கிற மரம், செதுக்க இணக்கமாக இருக்கும், மஞ்சளாக ஆரம்பித்து வெளிச்சம் படப்படப் பழுப்பாகி வரும் அழகை வார்னிஷால் கொண்டுவர முடியாது. பெட்டி உடைத்த பைன் பலகையை விட்டுவிடுங்கள். அதில் ஒரு ரேகை கெட்டி, அடுத்தது மென்மை என்று மாறி மாறி வருவதால் ஓரமெல்லாம் சிராய் கிளம்பும், உப்புத்தாள் போட்டே கை ஓய்ந்துவிடும். வர்ணம் அடிக்கப்போகிற பலகை என்றால் எச்டிஎச்எம்ஆர் ஷீட் நல்லது, சாதா எம்டிஎஃப்பை விட அடர்த்தி, ஈரத்தையும் கொஞ்சம் தாங்கும்.

கேள்வி: செதுக்கிய எழுத்துக்குள் கறுப்பு அடித்தால் மரத்தின் ரேகை வழியாக வெளியே கசிகிறது. 25 பலகையும் அப்படித்தான் ஆனது. (ஈரோடு வாசகி)

பதில்: வரிசை மாறிவிட்டது. செதுக்குவதற்கு முன்னாலேயே பலகைக்கு உப்புத்தாள் போட்டு (120, பிறகு 180), மரத் துளைகளை அடைக்கும் சேண்டிங் சீலர் ஒரு கை அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் கடையில் மிச்சம் விழுகிற ஒட்டும் வினைல் தாளை ஒட்டிக் காற்றுக்குமிழி இல்லாமல் துணியால் தேயுங்கள். வினைலோடு சேர்த்துச் செதுக்குங்கள். செதுக்கியதும் குழிக்குள் மறுபடி சீலர் ஒரு கை. நிறைய பேர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது சீலரைத்தான், கசிவதும் இதனால்தான். பிட் புதிதாகத் திறந்துவிட்ட மரத் துளைகள் வர்ணத்தை உறிஞ்சிக்கொண்டுபோய் வினைலுக்கு அடியில் சேர்க்கின்றன. சீலர் காய்ந்ததும் வர்ணம் அடித்து, தொட்டால் ஒட்டாத பதத்தில் வினைலை உரித்துவிடுங்கள். முழுக்கக் காயவிட்டு உரித்தால் ஓரத்தில் வர்ணமும் சேர்ந்து பிய்ந்து வரும்.

அந்த 25 பலகையைத் தூக்கிப் போடவேண்டாம். கசிவு மேலாகத்தான் இருக்கும், பலகை தட்டையாக இருந்தால் ஒரு கட்டையில் 120 உப்புத்தாளைச் சுற்றி ரேகை ஓட்டத்திலேயே தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: பாதியில் கரண்ட் போய்விட்டால் ஜிக்கில் இருக்கிற எல்லாம் வீணா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஓடிக்கொண்டிருந்த ஒரு பலகைக்கு மட்டும்தான் ஆபத்து, அதுவும் நீங்கள் முன்னாலேயே கொஞ்சம் யோசித்து வைத்திருந்தால். இந்த ரக இயந்திரங்களில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரல் இருக்கும். அதில் ஜி54 முதல் ஜி59 வரை ஆறு பூஜ்ய இடங்களைச் சேமிக்கலாம், கரண்ட் போனாலும் அழியாது. நாலு பலகையையும் ஒரே நீளக் கோப்பாகப் போடாமல், ஒரு பலகைக்கு ஒரு கோப்பு என்று வைத்து முதல் குழிக்கு ஜி54, அடுத்ததுக்கு ஜி55 என்று ஓட்டினால், கரண்ட் திரும்பி வந்ததும் மீதியை மட்டும் ஓட்டலாம். ஒவ்வொரு பலகையிலும் வேறு வேறு பெயர் செதுக்குகிறவர்களுக்கும் இதே ஏற்பாடு உதவும்.

ஆனால் கரண்ட் போனதும் தான் எங்கே நிற்கிறோம் என்பதை இயந்திரம் மறந்துவிடும். லிமிட் ஸ்விட்ச் (அச்சின் எல்லையை உணர்த்தும் ஸ்விட்ச்) இருந்தால் ஹோமிங், அதாவது அந்த எல்லைக்குப் போய்த் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும் கட்டளை, கொடுத்ததும் சரியாகிவிடும். இல்லாதவர்கள் ஜிக் வெட்டும்போதே அதன் மூலையில் வி-பிட்டால் ஒரு சின்னக் கூட்டல் குறி கீறி வைத்து, தினமும் வேலை தொடங்குவதே அங்கிருந்து என்று பழகிக்கொள்ளுங்கள். கரண்ட் வந்ததும் பிட் முனையை அந்தக் குறியின் நடுவுக்குக் கொண்டுவந்தால் இடம் கிடைத்துவிடும்.

இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதிகபட்சம் 120 வாட்தான். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் நிலைக்கான ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், சாதா நிலையில் மாறுகிற அந்தக் கண நேரத்திலேயே இயந்திரம் நின்றுவிடலாம். மடிக்கணினி தூங்கிப்போகாதபடியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டபுள் சைடு டேப்பில் ஒட்டினால் கழற்றும்போது பசை பலகையிலேயே தங்கிவிடுகிறது. (புதுச்சேரி வாசகர்)

பதில்: பலகைக்கு அடியில் மாஸ்கிங் டேப், மேடையிலும் மாஸ்கிங் டேப், இரண்டுக்கும் நடுவில் நாலு சொட்டு சூப்பர் க்ளூ. கழற்றும்போது டேப்போடு வந்துவிடும்.

கேள்வி: வீட்டின் ஹாலில்தான் இயந்திரம் வைத்திருக்கிறேன். பெரிதாகத் தூள் பறப்பதில்லை. மூடி அவசியமா? (சென்னை வாசகர்)

பதில்: அவசியம், அதற்கு முன்னால் இயந்திரத்தை ஹாலிலிருந்து எடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தூளைப் பெருக்கிவிடலாம், தெரியாத நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில் சேர்த்திருக்கிறது. எம்டிஎஃப்பில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் உண்டு, அதுவும் அதே முதல் வகை. குழந்தைகள் படுத்து விளையாடுகிற தரையில் அது படியவேண்டாம். பால்கனியோ மொட்டை மாடி அறையோ பாருங்கள். மூடி, பிட் பக்கத்திலேயே உறிஞ்சுகிற வாக்குவம், என்95 முகக்கவசம் மூன்றும் வேண்டும், பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யும்போதும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். மழுங்கிய பிட் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் தூளில் தீப்பிடிக்கும், அதனால் ஓடவிட்டு மார்க்கெட்டுக்குப் போகவேண்டாம்.

கேள்வி: விலை எப்படிப் போடுவது? மரத்துக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் ரொம்பக் குறைவாக வருகிறது. (கரூர் வாசகி)

பதில்: குறைவாகத்தான் வரும், ஏனென்றால் உங்கள் நேரத்தைச் சேர்க்கவில்லை. என் நோட்டில் இருக்கிற போன ஆர்டரைச் சொல்கிறேன். பலகை ஒன்றுக்கு இயந்திரம் ஓடியது 5 நிமிடம். உப்புத்தாள், சீலர், வினைல், வர்ணம், உரிப்பது, மறுபடி மேல்பூச்சு, பின்பக்கம் கொக்கி, பொட்டலம் என்று என் கை உழைத்தது 17 நிமிடம். வாடிக்கையாளர் "மெஷின்தானே செய்கிறது" என்று பேரம் பேசுவார், அந்த 17 நிமிடத்தை அவர் பார்க்கவில்லை, நீங்கள்தான் சொல்லவேண்டும். உங்கள் ஊரில் நல்ல தச்சருக்கு ஒரு நாள் கூலி என்னவோ அதை எட்டு மணி நேரத்தால் வகுத்து, அந்தக் கணக்கில் உங்கள் நிமிடங்களுக்குப் போடுங்கள். தையலோ தட்டச்சோ தெரிந்த பெண்கள் பலர் வீட்டிலிருந்து செய்கிறோம் என்பதற்காகவே கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அப்புறம் பிட் தேய்மானம், பழுதாகிற பலகை. பத்துக்கு ஒன்று கூடுதலாகத் துண்டு போட்டு அதன் செலவையும் விலையிலேயே சேருங்கள். சேலம் வாசகருக்கு 66 என்று சொன்னது அதற்குத்தான்.

எதுவும் பழுதாகாமல் துண்டு மிஞ்சினால், ஒன்றை முழுசாக முடித்து, அதன் பின்பக்கத்தில் பிட், ஆழம், வேகம், எழுத்துரு, வர்ணம் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி மாட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "அதே மாதிரி இன்னும் பத்து" என்று போன் வரும்.